ஒன்று அனுப்பினால் முப்பது

பிப்ரவரி 26

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்ததில் இரண்டு தாள் வீணாகிவிட்டது. நீ இப்போது இருக்கும் வீட்டு முகவரி என்னிடம் இல்லை. அதனால் நீ வேலை செய்யும் பல் செட்டு கட்டும் கூடத்துக்கே அனுப்புகிறேன். உறை மேல் ‘அவசரம்’ என்று எழுதப் போய், கூட வேலை செய்பவர்கள் என்னமோ ஏதோ என்று பயப்படுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

முதலில் ஒன்று. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. தினமும் காலையில் உன் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது இனி வராது. அது நின்றுபோனதைப் பார்த்து அப்பாவுக்கு என்ன ஆனதோ என்று நீ பதறக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நேற்று ஒரு வாஷிங் மெஷினுக்கு பேரிங் வாங்கப் போனேன். கார்டைப் போட்டால் பணம் இல்லை என்று வந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டாம். கார்டில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு நேரே பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

“சார், உங்க கணக்கு மைனஸ்ல இருக்கு.”

“மைனஸ்னா?”

“நீங்க பேங்குக்குத் தரணும்.”

“நான் கடனே வாங்கலையேம்மா.”

“தினம் ஒண்ணு அனுப்பறீங்களே சார். கணக்குல காசு இல்லாதப்ப பேங்க் தன் காசைப் போட்டு அனுப்பியிருக்கு. அதுக்கு ஒவ்வொரு தடவையும் முப்பது சார்ஜ்.”

ஒன்று அனுப்பினால் முப்பது. எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் நல்லவர்தான், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனது இதுதான். கடைக்கான வருடக் காப்பீடு ஜனவரியில் தானாகப் பிடித்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதை நான் மறந்தே போனேன். கணக்கு காலி. அது தெரியாமல் நான் வழக்கம்போலக் கடை திறப்பதற்கு முன் தெருமுனையில் உள்ள பேங்க் மெஷினில் நின்று உனக்கு ஒற்றைக் காசும் அதன் பக்கத்தில் எழுதிய இரண்டு வார்த்தையும் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். மீதி பார்க்கவா என்று அது தினமும் கேட்கும். பின்னால் ஆள் நிற்பார்கள், வேண்டாம் என்று அழுத்திவிடுவேன். இப்படியே சேர்ந்து சேர்ந்து குழி ஆழமாகிவிட்டது.

இதில் ஒரு கூத்தைக் கேள். ஒற்றைக் காசையெல்லாம் தாராளமாக விட்ட பேங்க், கடை வாடகை போகும்போது மட்டும் ‘தொகை பெரியது’ என்று திருப்பி அனுப்பிவிட்டது. வாடகைக்கென்று கையில் வைத்திருந்ததைக் கொண்டுபோய்க் கணக்கில் கட்டினேன். அதையும் மைனஸ் விழுங்கிவிட்டது. கட்டிட ஓனர் பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் என்பது உனக்குத் தெரியும். நடுச்சுவரை இடித்துத் தன் கடையைப் பெரிதாக்க அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. மார்ச் முடிவதற்குள் வாடகை வராவிட்டால் சாவியைக் கொடு என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

உன்னிடம் பணம் கேட்கவில்லை. என் போனை நீ தடுத்துவிட்டாய். பக்கத்துக் கடைப் போனிலிருந்து கூப்பிட்டால் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். உன் கல்லூரிக் காலத்துக் கணக்கு எண் ஒன்றுதான் எனக்கு மூடாமல் இருந்த கதவு. இப்போது அதுவும் போயிற்று.

அப்பா


மார்ச் 4

அப்பா,

கடிதம் கிடைத்தது. எங்கள் கூடத்தில் தபாலில் வருவது எல்லாம் அட்டைப்பெட்டியில் பல் அச்சுகள்தான். எனக்கென்று ஒரு கடிதம் வந்ததும் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். கழிவறைக்குள் போய்ப் படித்தேன்.

உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதி அனுப்பிய எதையும் நான் படிக்கவில்லை. என் போனில் தொகை மட்டும்தான் தெரியும். அதை அழுத்தித் திறந்தால்தான் கூட எழுதியது தெரியும் என்பதே உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? ‘உங்க காசு ஒத்தைக் காசு எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இரண்டு நாள் போகவில்லை, காலையில் ஒன்று வந்தது. மறுநாள் இன்னொன்று. அப்பா என்னைக் குத்திக்காட்டுகிறார், ‘இந்தா, ஒத்தைக் காசு’ என்று தினமும் முகத்தில் எறிகிறார் என்று நினைத்தேன். கூட இருக்கும் அறைத்தோழியிடம் காட்டி அழுதேன். பெற்ற அப்பா இப்படியும் செய்வாரா என்று அவளும் உங்களைத் திட்டினாள். அவளுக்கு இப்போது நான் என்ன பதில் சொல்ல?

நேற்று ராத்திரி ஒவ்வொன்றாகத் திறந்தேன். ‘குளிர். காதை மூடிக்கொள்.’ ‘வந்த மெஷினுக்குள் பூனைக்குட்டி. உயிரோடு.’ அடுத்த நாள், ‘பூனையை மெஷின்காரர் தனதில்லை என்கிறார்.’ அதற்கடுத்த நாள், ‘பூனை என்னிடம்.’ பிறகு, ‘எனக்குப் பல்வலி. நீ கட்டிய பல் அல்ல.’ என் பிறந்தநாளுக்கு வெறும் ‘ஞாபகம் இருக்கிறது.’ ஒரு நாள், ‘அன்றைக்கு நான் சொன்னது’ என்று பாதியில் நிற்கிறது. மறுநாள், ‘இடம் போதவில்லை. நாளை சொல்கிறேன்.’ அந்த நாளை வரவே இல்லை. வழக்கமாக உங்களுக்குப் பேச்சு இப்படி நடுவில் நிற்காதே.

சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதீர்கள். ஜனவரிக்குப் பிறகு வந்த ஒவ்வொன்றுக்கும் பேங்க் முப்பது வாங்கியிருக்கிறது என்பது ஞாபகம் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டை விட்டு வந்து ஒரு அறைக்கு அட்வான்ஸ் கேட்டபோது, ‘மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்’ என்றீர்கள். அது அப்படியேதான் இருக்கிறது.

இனி வேலையைப் பார்ப்போம். அறைத்தோழி ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் இருந்தவள். இந்தச் சார்ஜைத் திருப்பி வாங்க முடியும் என்கிறாள். கவுண்டரில் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், மேனேஜரைப் பாருங்கள். எழுத்தில் கேளுங்கள். சத்தம் போடாதீர்கள். இதற்கு முன் ஒரு தடவைகூட மைனஸ் ஆனதில்லை என்று சொல்லுங்கள். அதுவரை அந்தக் கணக்கில் ஒரு காசும் கட்டாதீர்கள், போடப் போட விழுங்கும். நான் அனுப்பினாலும் அதே கதிதான்.

பூனை இன்னும் இருக்கிறதா?

மகள்


மார்ச் 9

பாப்பாவுக்கு,

பூனை இருக்கிறது. மெஷின் டிரம்முக்குள்தான் தூங்குகிறது. வாடிக்கையாளர் வந்தால் முதலில் அதைத்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது.

நீ படிக்கவே இல்லை என்பதைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. நான் குத்திக்காட்டினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாயா? அந்த பேங்க் மெஷின் ஒன்றுக்குக் கீழே வாங்காது பாப்பா. வாங்கியிருந்தால் இன்னும் குறைத்திருப்பேன். காசு வேண்டாம் என்றவளுக்குக் காசு போகாமல் பேச்சு மட்டும் போக வேண்டும் என்று பார்த்தேன். அது இப்படிப் போய் முடியும் என்று யார் கண்டது.

நீ சொன்னபடி மேனேஜரைப் பார்த்தேன். சத்தம் போடவில்லை. வயதில் உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர், சட்டைக் கையை மடிக்காமல் பொத்தான் போட்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். கேட்கக் கேட்க அவர் முகமும் ஒரு மாதிரி ஆனது. பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“ரொம்ப சுலபம் சார். கை தவறி அனுப்பிட்டேன்னு இதுல கையெழுத்துப் போடுங்க. வாங்கினவங்களும் தவறுதலா வந்ததுன்னு போட்டுட்டா, சார்ஜ் முழுக்கத் திருப்பிடலாம்.”

“நான் கை தவறி அனுப்பலையே.”

“தெரியும் சார். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.”

“தினமும் காலையில ஒரே நேரத்துக்கு ஒருத்தனுக்குக் கை தவறுமா?”

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருஷமாக மெஷினைக் கழற்றுகிறேன். உள்ளே கிடக்கும் சில்லறை, கம்மல் திருகாணி, எதுவாக இருந்தாலும் சொந்தக்காரர் கையில் கொடுக்காமல் வந்ததில்லை. இப்போது என் காசைத் திரும்ப வாங்க நான் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதுவும் என்ன பொய், என் மகளிடம் பேசியது தவறுதலாக நடந்தது என்று. ‘தெரிஞ்சேதான் சார் அனுப்பினேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர் அதையும் எதிலோ எழுதிக்கொண்டார்.

நீ திட்டுவாய். திட்டு.

பாதியில் நின்றதைக் கேட்டிருந்தாய். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். எழுத எழுத, தப்புதானா என்று சந்தேகம் வந்தது, நிறுத்திவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன். பெண் திடீரென்று வீட்டை விட்டு வந்து நிற்கிறேன் என்றால், பெரியவனாக இருப்பவன் இரண்டு பக்கமும் விசாரிக்க மாட்டானா? மாப்பிள்ளை குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் நான் பேசவும் இல்லை, நீ போனை வைத்ததும் எனக்குக் கை வரவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் உன்னிடம் பக்குவமாகக் கேட்டிருப்பாள். எனக்கு அந்தப் பக்குவம் கிடையாது.

அப்பா


மார்ச் 13

அப்பா,

விசாரிக்க வேண்டும் என்கிறீர்கள். என்னை விசாரித்திருக்கலாமே? சரி, இப்போது விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான முதல் மாதமே என் சம்பளக் கார்டை வாங்கிக்கொண்டார். ‘வீட்டுக் கணக்கை நான் பாத்துக்கறேன், உனக்கு எதுக்குத் தலைவலி’ என்றார். அக்கறை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அப்படி ஒரு மக்கு நான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஃப்ரிட்ஜ் மேல் பஸ் காசு எண்ணி வைத்திருக்கும். போக, வர. அதற்கு மேல் ஒன்று இருக்காது. பஸ் கட்டணம் ஏறியதை நான் சொன்னபோது, ‘ஒரு ஸ்டாப் நடந்தா உடம்புக்கு நல்லது’ என்றார். ஒரு நாள் தலைவலிக்கு மாத்திரை வாங்கிவிட்டு வீடு வரை நடந்து வந்தேன். ஏன் தாமதம் என்று கேட்டார், மாத்திரைக்கு ரசீது எங்கே என்று கேட்டார். மாதாமாதம் அந்த நாட்களுக்குப் பஞ்சு வாங்குவதற்கும் ரசீது காட்டியிருக்கிறேன் அப்பா. சம்பாதிப்பது நான்.

கூடத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் எல்லோரும் பணம் போடுவார்கள். அன்றைக்கு எனக்கு மட்டும் எப்போதும் வயிறு சரியில்லாமல் போகும். கஞ்சப் பிசினாறி என்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயரே இருந்தது.

அடித்தாரா என்றால் இல்லை. கத்தினாரா என்றால் அதுவும் இல்லை. அதனால்தான் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. பஸ் காசு எண்ணிக் கொடுக்கிறார் என்று சொன்னால், ‘இதுக்கா வந்துட்ட?’ என்று நீங்கள் கேட்பீர்கள் என்று பயம். உங்களிடம் அட்வான்ஸ் கேட்க எனக்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டது தெரியுமா? காசு கேட்டால் காரணம் கேட்காத ஒரு ஆள் இந்த உலகத்தில் எனக்கு இருக்கிறார் என்று நம்பிக் கேட்டேன். நீங்கள் அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்களிடமிருந்தும் தினமும் காலையில் ஒன்று வர ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜ் மேல் வைத்த மாதிரியே. எனக்குள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் உங்களை நோகடிக்க எழுதவில்லை. எழுதிய பிறகு பார்க்கிறேன், நோகத்தான் செய்யும்.

இப்போது கடை விஷயம். வீறாப்பு வேண்டாம், அந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள். கை தவறியது என்றே இருக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. வாங்கியவள் கையெழுத்தை நான் அனுப்புகிறேன். கடை போய்விட்டால் நீங்கள் வீட்டில் எதைக் கழற்றிக்கொண்டு உட்காருவீர்கள்?

இன்னொன்று. காசு இல்லாதபோதும் அனுப்பட்டும் என்கிற இந்த வசதியை, கணக்குக்காரர் சம்மதம் இல்லாமல் தொடரவே முடியாது என்று அறைத்தோழி அடித்துச் சொல்கிறாள். யார் சம்மதித்தது, எப்போது என்று கேளுங்கள்.

மகள்


மார்ச் 18

பாப்பா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தது தப்பு. பிரித்துப் போட்ட மெஷின் முன்னால் இருந்தது. படித்து முடித்த பிறகு எந்தத் திருகு எந்த ஓட்டைக்கு என்று தெரியவில்லை. நாற்பது வருஷத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை. கடையைச் சாத்திவிட்டு நடந்தேன், எங்கே நடந்தேன் என்று தெரியாது.

பஞ்சுக்கு ரசீது. நான் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன். அந்த ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்திருக்கிறேன். அதன் மேல் சில்லறை இருந்ததைக்கூடப் பார்த்த ஞாபகம். மாப்பிள்ளை ஒழுங்கானவர், சில்லறையைக்கூட அடுக்கி வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். இனி அந்த ஆளை மாப்பிள்ளை என்று சொல்ல மாட்டேன்.

நீ சொன்னாய் என்று மறுநாள் பேங்குக்குப் போனேன், கையெழுத்துப் போடும் முடிவோடு. மேனேஜர் தாளை எடுத்து வைத்தார், பேனாவையும் வாங்கிவிட்டேன். சும்மா கேட்கிற மாதிரி, “இந்த வசதிக்கு யார் சார் சம்மதம் சொன்னது?” என்றேன்.

“நீங்கதான் சார். ஜனவரியில முதல் தடவை மைனஸ் ஆனதும் உங்க நம்பருக்கு மெசேஜ் போயிருக்கு. தொடரலாமான்னு கேட்டிருக்கோம். சரின்னு பதில் வந்திருக்கு.”

“எனக்கு எந்த மெசேஜும் வரலையே.”

“அதுக்கப்புறம் ஒவ்வொரு சார்ஜுக்கும் மெசேஜ் போயிருக்கு சார். எல்லாத்தையும் திறந்து படிச்சதாவும் இருக்கு.”

“எந்த நம்பர்?”

அவர் எண்ணைப் படித்தார். பாதியிலேயே மீதியை நான் சொல்லி முடித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அது உன் பழைய நம்பர் பாப்பா. நான் கணக்குத் திறந்தபோது என்னிடம் போன் கிடையாது. ‘என் நம்பரைக் குடுத்துடுங்கப்பா, மெசேஜ் வந்தா நான் சொல்றேன்’ என்று நீதான் எழுதிக் கொடுத்தாய். அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உனக்குக் கல்யாணம் ஆன பிறகும் தோன்றவில்லை.

அந்தப் போன் உன்னிடம் இல்லை என்று தெரியும். தொலைந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அது யாரிடம் இருக்கிறது?

மேனேஜருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர், போன் எந்த நாளிலிருந்து தன் கையில் இல்லை, யாரிடம் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மேலிடத்துக்கு அனுப்பலாம் என்றார். நான் யோசித்தேன். நீ அதை எழுதினால் உன் வீட்டு விஷயம் எல்லாம் யார் யார் மேஜையிலோ கிடக்கும். அது வேண்டாம், கை தவறியது என்றே போட்டுவிடுகிறேன் என்று பேனாவைத் திறந்தேன். அவர் தாளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“இனிமே அது முடியாது சார். தெரிஞ்சேதான் அனுப்பினேன்னு போன தடவை சொன்னீங்க. அதை நான் பதிஞ்சுட்டேன்.”

என் வாய்தான் எனக்கு எமன்.

நீ ஒன்றும் எழுத வேண்டாம். கடை போனால் போகட்டும். வீட்டு வாசலில் வைத்து மெஷின் பார்த்தால் யார் வேண்டாம் என்கிறார்கள்? நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்.

அப்பா


மார்ச் 21

அப்பா,

அவரிடம்தான் இருக்கிறது. நான் கிளம்பிய அன்று, ‘போன் நான் வாங்கிக் குடுத்தது’ என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. வாசலைத் தாண்டினால் போதும் என்றிருந்தது.

நீங்கள் எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கு இன்னும் ஒரு படி கீழே போவது அவர் கையில் வந்து விழுந்திருக்கிறது. அது உங்கள் கணக்கு என்று அவருக்குத் தெரியும், பெயர் இருக்கும். திறந்து படித்திருக்கிறார், வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். ‘சரி’ என்று எரிச்சலில் அழுத்தினாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்குத் தெரியாது. மாமனார் மூழ்குகிறார் என்று ஒரு வார்த்தை உங்களிடம் சொல்லவில்லை, அது தெரியும். எனக்கு அதுவே போதும்.

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். எழுதிவிட்டேன். முதலில் எழுதியதில் அவரை நல்லவராகக் காட்டப் பார்த்திருந்தேன், கிழித்துப்போட்டேன். அடுத்ததில் அழுகை அதிகமாக இருந்தது, அதையும் கிழித்தேன். மூன்றாவதை எங்கள் வேலை மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருப்பது அச்சு வார்க்கும் மாவு, தட்டினால் போய்விடும். சாட்சிக் கையெழுத்து எங்கள் மேற்பார்வையாளர் அம்மா போட்டது. போடுவதற்கு முன் படிக்க வேண்டும் என்றார், கொடுத்தேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் வரை என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். அசல் இதோடு இருக்கிறது. பேங்க் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், அதனால் உங்களுக்கென்று இங்கேயும் எழுதுகிறேன்.

‘மேற்படி எண் என் பெயரில் உள்ளது. என் அப்பாவின் கணக்குக்கு அதை நான்தான் கொடுத்தேன். சென்ற அக்டோபரில் நான் என் கணவர் வீட்டை விட்டு வெளியேறியபோது அந்தப் போனை அவர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். என் சம்பளக் கார்டும் அவரிடம் இருந்தது. வீட்டில் என் கையில் பணம் இருக்க அவர் அனுமதித்ததில்லை. அன்றிலிருந்து அந்த எண்ணுக்கு வந்த எதையும் நான் பார்க்கவில்லை. என் அப்பாவும் பார்க்கவில்லை. எங்கள் இருவரில் யாரும் சம்மதம் சொல்லவில்லை. என் அப்பா எனக்கு அனுப்பிய தொகைகள் தவறுதலாக வந்தவை அல்ல. அவை எனக்காகத் தெரிந்தே அனுப்பப்பட்டவை.’

அவ்வளவுதான். எனக்கு நடந்தது ஐந்தாறு வரியில் அடங்கிவிட்டதைப் பார்த்துப் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். யார் மேஜையில் கிடந்தாலும் கிடக்கட்டும். வெட்கப்பட வேண்டியது நான் இல்லை என்று எழுதி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாதம் முடியப் போகிறது, தாமதிக்காதீர்கள்.

மகள்


மார்ச் 31

பாப்பா,

சார்ஜ் திரும்ப வந்துவிட்டது, மேலிடம் உன் தாளை மட்டும் பார்த்தே ஒத்துக்கொண்டது. வாடகை திரும்பியதற்கு என்று தனியாக ஒன்று பிடித்திருந்தார்கள், அதை மட்டும் தர முடியாது என்றார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். நேற்று சாயங்காலம் வாடகையைக் கட்டினேன். மருந்துக்கடைக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே ரசீது எழுதினார். முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. கணக்கில் இப்போது என் நம்பர் இருக்கிறது. காசு இல்லாவிட்டால் எதையும் விடாதே என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

உன் கணக்குக்கு அந்த அறைக்கான அட்வான்ஸ் அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. நீ அதை என்ன செய்தாலும் சரி, எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேங்கில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். மேனேஜர் உன் தாளை நிதானமாகப் படித்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு போனைப் பக்கத்தில் இழுத்தார்.

“ரொம்பக் கஷ்டமா இருக்கு சார். ஆனா ஒரு பக்கம் மட்டும் கேட்டா நல்லா இருக்காது. அந்த நம்பர் இப்ப அவர்கிட்டதானே இருக்கு? உங்க மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மேல அனுப்பிடறேன்.”

எனக்குக் காதுக்குள் அடைத்துக்கொண்ட மாதிரி ஆனது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல பிள்ளை, ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றுதான் சொன்னார். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அந்த வார்த்தை எதிரில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் எண்ணை அழுத்த ஆரம்பித்துவிட்டார். நான் எட்டி அந்தப் போன் மேல் கையை வைத்தேன்.

“வேண்டாம் சார்.”

“கேக்கலன்னா மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்களோ என்னவோ. உங்களுக்குப் பணம் கிடைக்காமக்கூடப் போகலாம்.”

“போனாப் போகட்டும் சார். என் பொண்ணு சொல்லியிருக்கா. அதுக்கு மேல நான் யாரையும் கேக்கறதா இல்ல.”

அப்பா